ஒடிய வேண்டிய இடம்

ஆத்தாயி பல்லை வெற்றிலையில் மடித்துக் கொண்டுவந்திருந்தாள். முதல் தடவையும் அப்படித்தான் கொண்டுவந்தாள். கொடிக்காலில் வேலை செய்கிறவளுக்குக் காகிதத்தைவிட வெற்றிலைதான் சட்டென்று கைக்குக் கிடைக்கும் என்று அப்போது வசந்தாமணி சிரித்தாள். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

"மறுக்காவும் போச்சுங்க டாக்டரம்மா." ஆத்தாயி வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னாள். "நான் ஒண்ணுமே பண்ணலீங்க. சத்தியமா."

வசந்தாமணி இலையைப் பிரித்தாள். பீங்கான் பல் முழுசாக இருந்தது, ஒரு கீறல்கூட இல்லை. அதன் வயிற்றுக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த உலோகத் தண்டுதான் அடியோடு ஒடிந்திருந்தது. சென்ற முறை ஒடிந்த அதே இடம்.

பரமத்தி வேலூரில் ஏணியிலிருந்து விழுந்து முன்பல் ஒன்றைத் தொலைத்தவள் ஆத்தாயி. கழற்றி மாட்டுகிற பல் ஒன்று முதலில் செய்து கொடுத்திருந்தார்கள். அது ஒருநாள் வாய் கொப்பளிக்கும்போது வாய்க்கால் தண்ணீரோடு போய்விட்டது. "போகாத பல்லு ஏதாச்சும் இருக்குதுங்களா?" என்று கேட்டுக்கொண்டு நாமக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த வசந்தாமணியின் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கேட்ட நேரம் அப்படி. வசந்தாமணி அப்போதுதான் மெட்ராஸில் ஒரு பயிற்சி முடித்து, வெளிநாட்டுப் பேராசிரியர் கொடுத்த சின்னப் பெட்டி ஒன்றோடு ஊர் திரும்பியிருந்தாள். தாடை எலும்புக்குள் டைட்டானியத் திருகு ஒன்றைப் பதிப்பது; எலும்பு அதைப் பிடித்துக்கொள்ளும்வரை மாதக்கணக்கில் காத்திருப்பது; பிறகு அதன் மரையில் ஒரு தண்டை முடுக்கி, தண்டின் மேல் பல்லை ஒட்டுவது. எண்பத்தேழில் அந்தப் பக்கத்தில் அதை யாரும் செய்து பார்த்ததில்லை. திருகு ஆத்தாயியின் எலும்பில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. மேலே வரும் தண்டுதான் நிற்கவில்லை.

"கரும்பு ஏதாச்சும் கடிச்சீங்களாக்கா?"

"எங்கூர்ல திரும்புன பக்கமெல்லாம் கரும்புதானுங்க. ஒரு கணு தொட்டிருந்தா என்னைக் கேளுங்க."

"முறுக்கு? கடலை? எலும்பு?"

"கறி எடுத்த அன்னிக்குக்கூடக் கொழம்பு மட்டும் ஊத்திக்கிட்டேனுங்க. எம்மவ கேலி பண்றா. பல்லில்லாதப்ப எல்லாத்தையும் தின்னே, பல்லு வெச்சப்பறம் கஞ்சி குடிக்கறயேன்னு."

அவள் பொய் சொல்லவில்லை என்பது வசந்தாமணிக்குத் தெரிந்தது. நாற்காலியில் சாய்த்துப் படுக்கவைத்து, திருகுக்குள் மாட்டிக்கொண்டிருந்த ஒடிந்த துண்டை எடுக்க ஆரம்பித்தாள். ஊசிமுனை அளவு கருவியால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்ப வேண்டியிருந்தது. காலை முழுவதும் போயிற்று. ஆத்தாயி ஒருதரம்கூட முனகவில்லை. கூரையில் ஓடிய பல்லியைப் பார்த்தபடியே கிடந்தாள்.

துண்டு வெளியே வந்தபோது மரையின் மேல்வரிகள் சில தேய்ந்திருந்தன. இன்னொரு தடவை உள்ளே ஒடிந்தால் மரை தாங்காது. திருகையே தோண்டி எடுக்க வேண்டிவரும். அந்த இடத்தில் எலும்பு ஏற்கனவே ஒல்லி. தோண்டிய பிறகு இன்னொரு திருகுக்கு அங்கே இடமிருக்காது.

"வெச்சுத் தருவீங்கல்ல?" என்று ஆத்தாயி எழுந்து உட்கார்ந்து கேட்டாள்.

"தருவேன்," என்றாள் வசந்தாமணி. சொன்ன பிறகுதான் பெட்டியில் தண்டு எதுவும் மீதமில்லை என்பது நினைவுக்கு வந்தது.

*

வசந்தாமணியின் கணவர் பெரியசாமி லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவர். எதையும் கழற்றி மாட்டலாம் என்று நம்புகிறவர். "பழையபடி செட்டுப் பல்லே செஞ்சு குடுத்து அனுப்பு. அந்தப் பொம்பளை உம்மேல கேசா போடப் போகுது?" என்றார் சாப்பாட்டின் நடுவே.

"குடுக்கலாந்தானுங்க."

"அப்பறம் என்ன?"

தட்டைக் கழுவும்போது யோசித்தாள். ஆத்தாயிக்குப் பல் வேண்டும் என்பது ஒரு பக்கம். தனக்கு அந்தப் பல் நிற்க வேண்டும் என்பது இன்னொரு பக்கம். இரண்டும் ஒன்றா? பயிற்சியில் அவளோடு இருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். ஊர் பெயரைக் கேட்டு, முட்டைக்கோழிக்கா பல் கட்டப் போகிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். ஆத்தாயியின் எக்ஸ்ரே படத்தை அவர்களுக்கு அனுப்பிவைத்தது வைத்தியத்துக்காக அல்ல என்று அவளுக்கே தெரியும். அதை ஒப்புக்கொண்டபோது தேய்த்த தட்டையே மறுபடி தேய்த்தாள். ஆனாலும், காரணம் எதுவாக இருந்தாலும், வைத்த பல் நிற்க வேண்டும். நிற்கிற மாதிரி ஒரு தண்டு செய்ய வேண்டும். டைட்டானியம் ஒடிந்தால் அதைவிடக் கெட்டியான ஒன்று. அவள் மனம் அந்த நேர்கோட்டில்தான் போயிற்று.

சேலம் ரோட்டில் டீசல் பம்ப் பட்டறை வைத்திருந்த செங்கோட்டையனிடம் போனாள். மயிரிழை அளவுக் கணக்கில் ஊசி கடைகிற சின்ன லேத் நாமக்கல்லில் அவரிடம்தான் இருந்தது. ஒடிந்த துண்டை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுப் பார்த்தார்.

"இது என்னங்க அம்மிணி, கொசுவுக்கு ஆக்சிலா?"

"பல்லுக்குண்ணா. இதே அளவுல எஃகுல வேணும். துருப் பிடிக்காத எஃகு."

"குடுத்துட்டாப் போச்சு. நான் கடையற ஸ்டீல்ல லாரியவே தொங்க உடலாம்."

லாரியைத் தொங்கவிட வேண்டாம், ஒரு வாளியைத் தொங்கவிட்டால் போதும் என்றாள். வாயில் வைக்கும் முன் எலும்பில் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற தீர்மானத்தோடு கறிக்கடையில் ஆட்டுத் தாடைகளைச் சொல்லிவைத்திருந்தாள். பட்டறைக்காரர்களுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. "ஏனுங்க டாக்டரம்மா, ஆடு வாயத் தொறந்து காட்டுச்சுங்களா?" என்றார் ஒருவர். "பல்லு வெச்சாலும் இனி அதுக்குத் தழை திங்கற யோகமில்லீங்களே," என்றார் இன்னொருவர். வசந்தாமணியும் சிரித்துவிட்டு, தாடையை வைஸ் இடுக்கியில் பிடித்து, எலும்பில் துளை போட்டு, பெட்டியிலிருந்த திருகைப் பார்த்துக் கடைந்த நகலைப் பதித்தாள்.

முதலில் பித்தளைத் தண்டு. அதில் கம்பி கட்டி வாளியைத் தொங்கவிட்டு, வாளிக்குள் இரும்புத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டார்கள். பித்தளை சீக்கிரமே தலை குனிந்துகொண்டது. அடுத்தது எஃகு. துண்டுகள் போடப் போட அது அப்படியே நின்றது. செங்கோட்டையன் மீசையைத் தடவினார். வாளி நிறைந்து, மேலே கூம்பாகவும் குவிந்தது. அப்போது சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. வாளி தரையில் விழுந்து இரும்பெல்லாம் சிதறியது.

"தண்டு அசையல பாத்தீங்களா அம்மிணி!" செங்கோட்டையன் தண்டைத் தூக்கிக் காட்டினார். திருகும் அதோடு வந்திருந்தது. இரண்டும் நேராக, பளபளவென்று இருந்தன.

வசந்தாமணி வைஸில் இருந்த தாடையைப் பார்த்தாள். திருகு இருந்த இடத்திலிருந்து கீழ்விளிம்பு வரை எலும்பு பிளந்திருந்தது. பிளவுக்குள் விரல்நகம் நுழைந்தது.

"அது கெடக்குதுங்க. ஆட்டெலும்புதானே, வேற வாங்கிக்கலாம்."

அவள் பிளந்த தாடையை வைஸிலிருந்து கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். வாய்க்குள்ளே ஏதோ உப்புக் கரித்தது. கன்னத்தின் உட்புறத்தை அவ்வளவு நேரமும் கடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வரும்வரை ஒரே கேள்விதான். கஞ்சி குடிக்கிற ஒருத்தியின் வாயில் இவ்வளவு பாரம் எங்கிருந்து வருகிறது?

*

ஞாயிற்றுக்கிழமை கரூர் பஸ்ஸில் ஏறி பரமத்தி வேலூரில் இறங்கினாள். கொடிக்கால் வாசலிலேயே ஆத்தாயி எதிரே ஓடிவந்தாள்.

"செருப்ப இங்கயே உட்டுருங்க சாமி." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தப்பா நெனைக்காதீங்க. ஊட்டுக்குத் தூரமா இருந்தா உள்ள வரக்கூடாதுங்க. கொடி வாடிப்போயிரும்பாங்க."

"இல்லக்கா," என்றாள் வசந்தாமணி. அது உண்மைதான். ஆனால் உண்மையாக இல்லாதிருந்தாலும் அப்படியே சொல்லியிருப்பாள் என்று அவளுக்குத் தோன்றியது.

உள்ளே அகத்தி நெருக்கமாக நின்றது. வெயில் பச்சையாக இறங்கியது. ஒவ்வொரு அகத்தியையும் சுற்றி வெற்றிலைக் கொடி ஏறியிருந்தது. ஏணி வைத்து ஆண்கள் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்களெல்லாம் ஓரத்துக் கொட்டகையில் உட்கார்ந்து இலை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆத்தாயி மட்டும் ஏணியைத் தூக்கிக்கொண்டு தன் வரிசைக்கு நடந்தாள்.

"பொம்பளைங்க யாரும் கட்டறதில்லையா?"

"மாசத்துல நாலு நாள் உள்ள வராதவளுக்கு எப்படிங்க வரிசை குடுப்பாங்க? எனக்கு அதெல்லாம் நின்னு போச்சு. நின்ன அடுத்த மாசமே பண்ணையக்காரர்கிட்டப் போயிக் கேட்டேன். நான் கட்டறேனுங்கன்னு." ஆத்தாயி வாயைப் பொத்தாமல் சிரித்தாள். "அவரு கொஞ்ச நேரம் என்னைப் பாத்தாரு. அப்பறம் குடுத்துட்டாரு."

பக்கத்து ஏணியிலிருந்து அங்கமுத்து என்பவர் கூவினார். "டாக்டரம்மா! ஆத்தாயிக்குப் பேசாம கடப்பாறையிலே ஒரு பல்லு அடிச்சு உடுங்க!"

"உனக்கு இருக்கறதையும் புடுங்கச் சொல்லட்டுமா?" என்று ஆத்தாயி திரும்பாமலே சொன்னாள்.

ஏணியில் ஏறினாள். இடது கையால் கொடியைச் சேர்த்து அகத்தியோடு அணைத்தாள். இடுப்பில் செருகியிருந்த ஈர வாழைநாரை வலது கையால் உருவி, முன்பற்களில் கொடுத்துக் கிழித்தாள். கிழித்த நாரைக் கொடியைச் சுற்றிக் கொண்டுவந்து ஒரு நுனியைப் பல்லில் கவ்வி, மறுநுனியைக் கையில் பிடித்து, தலையைப் பின்னுக்கு வெட்டி இழுத்தாள். முடிச்சு இறுக வேண்டும். இறுகவில்லை. பல் இல்லாத இடத்தில் நார் வழுக்கி வெளியே வந்தது. மறுபடி கவ்வினாள். மறுபடி இழுத்தாள். கழுத்து நரம்பு புடைத்தது.

வசந்தாமணி ஏணிக்கடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கீழ்நோக்கி அல்ல, முன்னோக்கி இழுக்கிற பாரம். ஒரு நாளில் எத்தனை முடிச்சு!

"அக்கா, இதை எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எதைங்க?"

"பல்லுல இழுத்துக் கட்டறதை."

"நீங்க திங்கறதப் பத்தித்தானுங்க கேட்டீங்க." ஆத்தாயிக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "இது கை வேலைங்க. இதுக்குத்தானே பல்லே கேட்டு வந்தேன்."

"நான் அழகுக்குன்னு நெனச்சேன்."

ஆத்தாயி ஏணியையே ஆட்டிவிடுகிற மாதிரி சிரித்தாள். "ஏ அங்கமுத்து, கேட்டயா? எனக்கு அழகு கொறையுதாமா!"

வசந்தாமணிக்கு முகம் சுட்டது. முன்பல் போன பெண் என்றால் முகத்துக்காகத்தான் வருவாள் என்று யார் சொல்லிக்கொடுத்தது? யாரும் சொல்லவில்லை. அவளே அப்படி வைத்துக்கொண்டாள்.

"பல்லுல புடிக்காம கட்ட முடியாதாக்கா?"

"ரெண்டு கையும் மேல மாட்டிக்கிச்சுங்களே. மூணாவது கைக்கு எங்க போறது?" ஆத்தாயி கீழே இறங்கி ஏணியை நகர்த்தினாள். சிரிப்பு போயிருந்தது. "ஆடிக் காத்துக்குள்ள வரிசை முடியோணுங்க. கட்டாத கொடி காத்துல சரிஞ்சுரும். அங்கமுத்து வரிசை முடியப் போகுது பாருங்க. நான் பாதியில நிக்கறேன். ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. அடுத்த வாட்டி வரிசை குடுக்கமாட்டாங்க, அவ்வளவுதான். அங்க போயி உக்காரணும்."

கொட்டகையைக் காட்டினாள். இலை அடுக்குகிறவர்கள் பேச்சும் சிரிப்புமாகத்தான் இருந்தார்கள்.

"எலை அடுக்கறதுல ஒரு கேடுமில்லீங்க. முப்பது வருசம் அங்கதான் உக்காந்திருந்தேன். போதுமுங்க."

*

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வழியெல்லாம் வாழையும் கரும்பும் ஓடின. வசந்தாமணி எதையும் பார்க்கவில்லை.

இழுக்காதே என்று சொல்லலாம். ஆத்தாயி தலையாட்டுவாள், மறுநாள் இழுப்பாள். அல்லது இழுக்காமல் கொட்டகைக்குப் போவாள். இரண்டாவது நடந்தால் பல் வருஷக்கணக்கில் நிற்கும். படம் எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பலாம். அந்தப் படத்தை நினைத்தபோது வசந்தாமணிக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

எஃகுத் தண்டு போடலாம். ஒடியாது. ஆத்தாயி முழு பலத்தோடும் இழுப்பாள். ஒருநாள் ஏணி மேல் அந்தச் சுள்ளிச் சத்தம் கேட்கும்.

பட்டறையில் பிளந்த எலும்பையும், காலை முழுவதும் தோண்டி எடுத்த டைட்டானியத் துண்டையும் மனதில் அருகருகே வைத்தாள். இரண்டு தடவை ஒடிந்ததைத் தன் தோல்வி என்றுதான் இத்தனை நாள் எண்ணியிருந்தாள். அந்தத் தண்டு ஒடியாமல் இருந்திருந்தால் அந்த இழுப்பெல்லாம் எங்கே போயிருக்கும்? தாடைக்குத்தான். ஒடிந்ததனால்தான் ஆத்தாயிக்கு இன்னும் தாடை இருக்கிறது. அது ஒடிந்தது தப்பில்லை. திருகுக்குள்ளே போய் ஒடிந்ததுதான் தப்பு.

கண்டக்டர் இரண்டு தரம் கூப்பிட்ட பிறகுதான் நாமக்கல் வந்துவிட்டது தெரிந்தது. வீட்டுக்குப் போகாமல் நேரே செங்கோட்டையன் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அதே எஃகுத் தண்டுல, ஈறுக்கு மேல வர்ற எடத்துல கழுத்து மாதிரி ஒரு பள்ளம் கடைஞ்சு குடுக்கணும்ணா. ஒடிஞ்சா அங்கதான் ஒடியணும். மிச்சம் வெளியே நீட்டிக்கிட்டு நிக்கணும், நான் சின்ன ஸ்பேனர் சாவி போட்டுக் கழட்டிக்கற மாதிரி."

செங்கோட்டையன் வாயில் போட்ட பாக்கை மெல்லாமல் நிறுத்தினார். "வேணும்னே வீக்கா செய்யறதுங்களா? எம் பட்டறையிலயா?"

"ஆமாங்கண்ணா."

"வெளிய தெரிஞ்சா நாளைக்கு எவன் பம்பு கொண்டாந்து குடுப்பான்?"

"பல்லுதானுங்கண்ணா. பம்பில்ல."

முணுமுணுத்துக்கொண்டேதான் கடைந்தார். பள்ளம் குறைவாக இருந்தபோது எலும்பு பிளந்தது. அதிகமாக இருந்தபோது நாலு துண்டு இரும்புக்கே தண்டு போய்விட்டது. அதில் சோறுகூடத் தின்ன முடியாது. கறிக்கடைக்காரர் தாடை கேட்டாலே கையெடுத்துக் கும்பிட ஆரம்பித்தார். பெரியசாமி வீட்டில் ஆட்டு வாடை அடிக்கிறதென்று சொல்லிப் பார்த்தார், பிறகு சொல்வதை விட்டுவிட்டார். வசந்தாமணி விடவில்லை. ஒருநாள் வாளி முக்கால் நிறைந்தபோது தண்டு முதலில் லேசாகச் சாய்ந்தது, பிறகு கழுத்தில் பட்டென்று விட்டது. அவள் ஓடிப்போய் எலும்பை விரலால் தடவினாள். வழவழவென்றிருந்தது. சாவி போட்டாள். மிச்சத் தண்டு மரையிலிருந்து சுற்றிக்கொண்டு வந்தது.

"ஒடைஞ்சதுக்குச் சந்தோசப்படற ஆள இப்பத்தான் பாக்கறேன்," என்றார் செங்கோட்டையன். அதே அளவில் நிறையக் கடைந்து கொடுத்தார்.

*

ஆத்தாயி புதன்கிழமை வந்தாள். வரும்போது வாழைநாரும் கொண்டுவரச் சொல்லியிருந்தாள் வசந்தாமணி. தண்டை முடுக்கிப் பல்லை ஒட்டியானதும் கண்ணாடியைக் கையில் கொடுத்தாள். ஆத்தாயி கண்ணாடியைப் பார்க்கவில்லை. நாக்கால் பல்லைத் தள்ளிப் பார்த்தாள்.

"இது நிக்குமுங்களா?"

"கவ்விக்கிட்டா நிக்கும். கிழிச்சா நிக்கும். ரொம்ப வெட்டி இழுத்தா ஒடியும்."

ஆத்தாயியின் முகம் இறுகியது. "ஒடியற பல்ல எதுக்குங்க வெக்கறீங்க? அத்தனை நாள் காக்க வெச்சு?"

வசந்தாமணி மேஜைக்கடியிலிருந்து பிளந்த ஆட்டுத் தாடையை எடுத்து அவள் மடியில் வைத்தாள். "ஒடியாத பல்லு வெச்சா இப்படி ஆகுமக்கா. அப்பறம் அந்த எடத்துல யாராலயும் எதையும் வெக்க முடியாது. அதனால தண்டை ஒடியற மாதிரிதான் செஞ்சிருக்கேன். ஒடிஞ்சா எடுத்துக்கிட்டு வாங்க. கழட்டிட்டு வேற மாட்டறேன்."

ஆத்தாயி பிளவுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"வேற மாட்டறேன்னு சொல்றீங்க. போன தடவ அந்தத் துண்ட எடுக்கறதுக்கு நீங்க பட்ட பாட்ட நான் கண்ணால பாத்தேனே."

"அதைத்தான் இப்பப் பாக்கப் போறோம். நாரை எடுங்க. கவ்வுங்க. ஏணி மேல நிக்கறதா நெனச்சுக்கிட்டு இழுங்க. ஒடியற வரைக்கும்."

சொல்லிவிட்டு வசந்தாமணி எக்ஸ்ரே படத்தை இன்னொரு தடவை பார்த்தாள். வாளியும் ஆட்டெலும்பும் ஒன்று, இந்தத் தாடை வேறு. தப்பாகிவிட்டால் இனி இந்த வாயில் செய்ய ஒன்றும் இல்லை. தெரியாமல் ஒருநாள் கொடிக்காலில் நடப்பதைவிட, தெரிந்தே இங்கே, தன் கண்முன் நடக்கட்டும். ஆத்தாயியின் தாடையை வெளிப்புறத்திலிருந்து இரண்டு விரலால் அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

ஆத்தாயி நாரைக் கவ்வினாள். மறுநுனியை நாற்காலிக் கையில் சுற்றிப் பிடித்து, தலையைப் பின்னுக்கு இழுத்தாள். பல் நின்றது. இன்னும் கொஞ்சம் வெட்டினாள். நின்றது. கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்க, கொடிக்காலில் இழுத்த மாதிரியே ஒரு இழுப்பு.

பட்.

பல் நாரோடு பறந்து தரையில் உருண்டது. வசந்தாமணியின் விரலுக்குக் கீழே தாடை கல் மாதிரி அசையாமல் இருந்தது. எக்ஸ்ரே எடுத்தாள். திருகைச் சுற்றி எலும்பில் ஒரு கோடு இல்லை. சாவியை எடுத்து நீட்டிக்கொண்டிருந்த தண்டில் மாட்டித் திருப்பினாள். போன தடவை ஒரு காலைப் பொழுது எடுத்த வேலை, ஆத்தாயி ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள் முடிந்துவிட்டது.

"வந்துருச்சா?"

"வந்துருச்சுக்கா."

ஆத்தாயி ஒடிந்த தண்டை வாங்கி உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒடியறதுக்கு முன்னால ஒரு நொடி வளைஞ்சு குடுக்குதுங்க. நாக்குல தெரிஞ்சுது."

"தெரிஞ்சுதா?"

"நல்லாத் தெரிஞ்சுது. அந்த எடத்துல இழுப்ப நிறுத்திக்கோணும். முடிச்சுக்கு அவ்வளவு இழுப்பே போதுமுங்க. நான்தான் அங்கமுத்துவ முந்தோணும்னு வெட்டி இழுத்துக்கிட்டுக் கெடந்தேன்." தண்டைத் திருப்பிக் கொடுத்தாள். "இனியும் ஒடியுங்க. நம்ம வேலை அப்படி. ஆனா உங்களத் தேடி அடிக்கடி வரமாட்டேன்."

"எத்தனை தடவை வேணாலும் வாங்க."

"அந்தச் சாவிய எங்கிட்டக் குடுத்துட்டா நானே கொடிக்கால்ல மாட்டிக்குவேன்."

"உதை விழும்."

ஆத்தாயி சிரித்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தாள். "அப்பச் சீக்கிரம் மாட்டுங்க சாமி. மத்தியானப் பஸ்ஸ உட்டா வரிசை நிக்குது."

வசந்தாமணி தட்டிலிருந்து அடுத்த தண்டை எடுத்தாள். கீழே குனிந்து, உருண்டு கிடந்த பல்லைத் தேடி எடுத்து, அதற்குள் ஒட்டியிருந்த தண்டு நுனியைக் கழற்றிவிட்டுக் கழுவினாள்.

"வாயைத் தொறங்கக்கா," என்றாள்.